தம்பியின் வில்லுக்கத்தி

தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெயை மடக்குகிற வில்லுக்கத்திக்கும் விடலாம், சுவாமி. தேங்காயெண்ணெய் கூடாது. கண்டிக் குளிருக்கு அது உறைந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அப்புறம் கத்தியை விரிக்கப் போனால் நகம்தான் உடையும். அலகும் பிடியும் சேருகிற ஆணியில் ஒரு சொட்டு மெசின் எண்ணெய் போதும். அதிகம் விட்டால் அதுவும் கெடுதல்தான்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். இந்த வீட்டில் என்னோடு இருக்கிற டொரதிக்காக வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் பேசி வந்திருக்கிறது. என்னைத் தனியே விட்டுப் போக அவள் தயங்குகிறாள். நான் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அவள் ஆறுதலோடு போவாள். இதுதானே விஷயம். சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லவில்லை. முழங்காலில் நிற்காமல், உங்களுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்துதான் சொல்கிறேன். ஆகையால் இதை நீங்கள் டொரதியிடம் சொல்லலாம். பொலிசில் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்லலாம்.

நீங்கள் இந்தக் கோவிலுக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு நத்தார்ப் பண்டிகைகூடக் கழியவில்லை. என் தம்பி பற்றிக்கை நீங்கள் பார்த்ததில்லை. சுவரில் இருக்கிற படம் அவனைப் போல இல்லை. சிரிக்காமல் நில் என்று படம் பிடித்தவர் சொல்லிவிட்டார். அவன் சிரிக்காமல் இருந்த நேரம் குறைவு.

எங்கள் அப்பா மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். பற்றிக்குக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. நான் அவனைவிடப் பத்து வயது மூத்தவள். இருவரும் கண்டிக்கு வந்தோம். கன்னியாஸ்திரிமார் எனக்குத் தையல் பழக்கினார்கள். திருகோணமலை வீதிக்குப் பின்னால் இந்தச் சந்தில் இந்த வீட்டை எடுத்து, ஒரு கை மெசினை வைத்துக்கொண்டு அவனை வளர்த்தேன். அவன் போட்ட கால்சட்டை, சட்டை எல்லாம் என் கையால் தைத்தவை. கடையில் வாங்கிய சட்டையை அவன் போட்டதே கிடையாது.

எனக்கும் ஓர் இடம் வந்தது. கட்டுக்கலையில் ஒரு தையற்காரர், மனைவியை இழந்தவர். தம்பிக்காக அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத்தான் பற்றிக்கிடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அந்த மனிதர் இரண்டாம் தடவை வரவில்லை. வந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகையால் அது பொய் இல்லை.

பற்றிக் படிப்பை முடித்ததும் போகம்பரைப் பக்கம் கொக்கோவும் மிளகும் வாங்கி அனுப்புகிற ஒரு ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தான். சாக்கு மூட்டைகளின் வாயைப் பிரித்துச் சரக்கைப் பார்ப்பது, குறிப்பது, திரும்பத் தைக்க விடுவது அவன் வேலை. அதற்கு ஒரு கத்தி வேண்டும். முதல் நாள் பல்லால் சணலைக் கடித்துவிட்டு உதட்டில் இரத்தத்தோடு வந்தான். மறுநாள் நான் ஹுஸைன் நானாவிடம் போனேன்.

ஹுஸைன் நானா அலவத்துகொடக்காரர். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார். துரைமார் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போகிற விளக்கு, சப்பாத்து, பீங்கான் எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். ஒரு பெட்டியைக் கிளறி மான்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை எடுத்தார். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். பிடியில் யாரோ ஒருவருடைய பெயரின் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது.

"இது பழசுதான் தங்கச்சி. ஆனா பொய்யில்ல," என்றார். "அலகுல துரு ஈக்கி. அது மேல்துரு, தேய்ச்சா போயிடும். வில்லு நல்லா ஈக்கி. இந்தா, கேளுங்க."

என் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரித்தார். டக் என்று ஒரு சத்தம். பிடியின் முதுகில் ஓடுகிற வில், அலகின் அடியில் இருக்கிற மூலையில் வந்து உட்காருகிற சத்தம் அது. வில் அப்படி உட்கார்ந்தால்தான் விரித்த கத்தி விரித்தபடி நிற்கும்.

"இந்தச் சத்தம் ஈக்கிற வரைக்கும் பயமில்ல," என்றார் நானா. "இது போச்செண்டா கத்திய ஆத்துல வீசிடுங்க. அது நம்ம விரலத்தான் பாக்கும்."

அடுப்புச் சாம்பலை எண்ணெயில் குழைத்து அந்தத் துருவை எடுத்தேன். முழுதாக ஏழு நாள், ஒரு கிழமை பிடித்தது. அலகு தெளிந்து வந்தபோது அதில் என் முகம் கொஞ்சம் தெரிந்தது. பற்றிக்கிடம் கொடுத்தேன். அவன் விரித்தான், மடக்கினான், மறுபடியும் விரித்தான். சின்ன வயதில் புதுச் சட்டை போட்டு அழகு பார்ப்பானே, அதே முகம்.

"எனக்கா அக்கா?" என்றான்.

"வேற யாருக்கு."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் கத்தி என்னிடம் வரும். அவன் கோவில் உடுப்பை மாற்றிவிட்டு, கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து மெசினுக்குப் பக்கத்தில் வைப்பான். மடக்கிய அலகு போய்ப் படுக்கிற பள்ளம் இருக்கிறதே, அதில்தான் அழுக்குச் சேரும். சணல் நார், பைத் தூசி, கொக்கோப் பொடி. ஈர்க்குக் குச்சியின் நுனியில் துணி சுற்றி அதைத் துடைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அலகை மட்டும் துடைத்தால் பிரயோசனம் இல்லை. மடக்கினவுடன் அழுக்கெல்லாம் திரும்பக் கூரில் ஒட்டும். பிறகு தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டுவேன். பெருவிரல் நகத்தில் கூரை மெல்ல வைத்தால் வழுக்கக் கூடாது, பிடிக்க வேண்டும். கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். நான் இதைச் செய்யும்போது அவன் எதிரே உட்கார்ந்து அந்தக் கிழமை ஸ்டோரில் நடந்ததை எல்லாம் சொல்வான். எந்த மூட்டையில் கல் இருந்தது, யார் யாரோடு கோபம். அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. பல வருடம் அப்படிப் போனது. அந்த வருடங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பள்ளத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் டொரதியைப் பற்றிச் சொன்னான். டொரதியின் அப்பா ரயில்வேயில் வேலை, யாழ்ப்பாணத்து ஆள். அவள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குகிற ஆசிரியை. கோவில் பாட்டுக் குழுவில் பழக்கம்.

"நீ சரின்னு சொன்னாத்தான் அக்கா," என்றான்.

நான் சரி என்று சொன்னேன். அவள் நல்ல பெண். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அவள் முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு பெட்டி நூல்கட்டை கொண்டுவந்தாள். எல்லா நிறமும் இருந்தது. யாரும் அதுவரை எனக்கு அப்படி ஒன்றும் கொண்டுவந்ததில்லை.

ஆனி மாதத்தில் பற்றிக்குக்கு ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்து ஒப்பீசில் கிளாக்கர் வேலை கிடைத்தது. வீடும் தருவார்கள். பௌத்தர்களுடைய பெரஹரா ஊர்வலம் முடிந்த கையோடு கலியாணம், கலியாணத்தோடு அங்கே குடிபோவது என்று பேசி முடித்தார்கள். கோவிலில் கலியாண அறிவித்தலாக முதல் ஓலை வாசித்த அன்று டொரதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் எங்களோடை வாறீங்கள்தானே? ரெண்டு அறை இருக்காம். ஒண்டு உங்களுக்கெண்டு அவர் சொல்லிப்போட்டார்."

"நான் வந்து என்னம்மா செய்யப் போறேன். எனக்கு இங்க தையல் இருக்கு."

"தையலை அங்கையும் தைக்கலாம்தானே."

அவள் சொன்னது சரி. மெசினைக் கழற்றிப் பெட்டியில் போட்டால் பஸ்ஸில் கொண்டுபோகலாம். தோட்டத்திலும் ஆட்கள் சட்டை போடுகிறார்கள். போயிருக்கலாம், சுவாமி. அவர்கள் கூப்பிடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறையை அவர்கள் தருவதும், என் வீட்டில் நான் அவனை வைத்திருப்பதும் ஒன்றல்ல. அதை எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கத்தி மெசினுக்குப் பக்கத்தில் வரவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"டொரதி நேத்தே தொடைச்சுக் குடுத்துட்டாக்கா," என்றான். "உனக்கு எத்தன வேலை. இனி அவ பாத்துக்குவா."

அன்பாகத்தான் சொன்னான். என் கண் வலிக்கிறது என்று நான் அந்தக் கிழமை சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்துச் சொன்னான். கத்தியை வாங்கிப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் போட்டிருந்தாள். பள்ளம் முழுக்க எண்ணெய் வழிந்து நூலும் தூசியும் ஒட்டியிருந்தது. "நல்லாத் தொடைச்சிருக்கா," என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவன் குளிக்கப் போன நேரம் கத்தியை எடுத்து முறையாகச் சுத்தம் செய்தேன். பிறகு மெசின் தகட்டில் பிசிர் எடுக்கிற சின்ன அரத்தை எடுத்து, வில் வந்து உட்காருகிற அந்த மூலையைக் கொஞ்சம் தேய்த்தேன். வேலை பெரிதில்லை. அவன் குளித்துத் தலை துவட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

என் எண்ணம் சின்னது, சுவாமி. விரலில் ஒரு வெட்டு. எழுதுகிற கை கெட்டுப்போனால் தோட்டத்துத் துரை வேறு கிளாக்கரைப் பார்ப்பார். கலியாணம் தள்ளிப்போகும். கை ஆறுகிற வரைக்கும் நான் சோறு பிசைந்து கொடுப்பேன். அவ்வளவுதான் நினைத்தேன். அரத்தைக் கையில் எடுத்தபோது அவ்வளவுதான்.

மறுநாளே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"அக்கா, இதுல சத்தம் வரலியே. கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி இருக்கு."

நான் வாங்கி விரித்துப் பார்த்தேன். "எண்ணெய் புதுசு. ரெண்டு நாளையில இறுகிடும்."

"சரி," என்று பையில் போட்டுக்கொண்டான். நான் சொன்ன எதையும் அவன் ஒருநாளும் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

அந்தக் கிழமையே நடந்தது. சாக்கின் தையலுக்குள் அலகை விட்டு அமுக்கியிருக்கிறான். கத்தி மடங்கி விரல்களின் மேல் விழுந்துவிட்டது. லேஞ்சித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். லேஞ்சி முழுக்கச் சிவந்திருந்தது. இரண்டு விரலில் எலும்பு வரைக்கும் போயிருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன் அக்கா. தைக்கணும் போல இருக்கு."

"இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? உக்காரு. நான் கட்டி விடுறேன்."

காப்பித்தூளை வைத்து அமுக்கி, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன். இரத்தம் நின்றுவிட்டது. சாயங்காலம் டொரதி ஓடி வந்தாள். கையில் டிங்சர் போத்தல்.

"காயத்தைக் கழுவினீங்களோ அக்கா? இதைப் போடுங்கோ."

"எல்லாம் கழுவிப் போட்டாச்சு. இப்ப அவுத்தா திரும்ப ரத்தம் வரும்."

அவள் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் சொன்ன மாதிரியே பத்து நாளைக்கு அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். இடது கையால் சாப்பிட அவனுக்கு வராது. தோட்டத்துக்கு எழுதிப் போட்டோம். அவர்கள் காத்திருக்கிறோம் என்று பதில் போட்டார்கள். நல்ல துரை. நான் எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பாண் சாப்பிடும்போது, "தாடை வலிக்குதுக்கா, வாய் சரியாத் தொறக்க மாட்டேங்குது," என்றான். மத்தியானத்துக்குள் கழுத்து விறைத்துவிட்டது. டொரதியின் அப்பா றிக்ஷோ பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏற்புவலி, டெட்டனஸ். வெட்டுப்பட்ட அன்றே கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம்," என்றார். "இந்தக் காயத்தில் குதிரைச் சாணி, தோட்டத்து மண் ஏதாவது பட்டதா?"

பற்றிக் பல்லைக் கடித்தபடி, "ஸ்டோர்ல... சாக்குத்தான்," என்றான்.

"எனக்குத் தெரியாது," என்றேன் நான்.

இருட்டான ஓர் அறையில் அவனைப் போட்டார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. கதவை யாராவது சாத்தினால்கூட அவன் உடம்பு இழுத்துக்கொள்ளும். அவர்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். நானும் டொரதியும் செருப்பைக் கழற்றிவிட்டு மாறி மாறி உள்ளே போய் உட்கார்ந்தோம். இந்த நோயில் வாய் இரண்டு பக்கமும் இழுபட்டுவிடும். பார்க்கிறவர்களுக்குச் சிரிக்கிற மாதிரி இருக்கும். டொரதி ஒருநாள் வெளியே வந்து என் காதில் சொன்னாள்.

"அவர் என்னைப் பாத்துச் சிரிக்கிறார் அக்கா. குறைஞ்சுகொண்டு வருது போலை."

"ஆமாம்மா, குறைஞ்சிடும்," என்றேன்.

கடைசியாக அவன் பேசியது என்னிடம்தான். வாயைத் திறக்க முடியாது. பல்லுக்கு நடுவே காற்றாக வந்தது. குனிந்து கேட்டேன்.

"ஹுஸைன் நானாவ யாரும் ஏசக் கூடாதுக்கா. நல்ல கத்தி. நீ பாத்துக் குடுத்த கத்தி. நாந்தான் கவனமில்லாம அமுக்கிட்டேன்."

நெற்றியைத் துடைத்துவிட்டேன். சத்தம் கூடாது என்று சொல்லியிருந்ததால் அழவில்லை.

பகல் பெரஹரா போன அன்று மத்தியானம்தான் முடிந்தது. எங்கள் கோவில் விஷயம் இல்லை, ஆனால் கண்டியில் இருப்பவர்கள் அதற்குத் தப்ப முடியாது. ஊர் முழுக்க வீதியில் நின்றது. மேளச் சத்தம் ஜன்னல் சாத்தியிருந்தும் வந்தது. தாதி ஒருத்தி ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தாள். நான் இரண்டு கையாலும் அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவன் உடம்பு வளைந்து எழும்பியது, குதிகாலும் தலையும் மட்டும் மெத்தையில். மேளம் தூரமாகப் போனபோது அவன் அடங்கினான். மேளம் நின்றதால்தான் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தேன்.

கலியாணத்துக்கு நான் தைத்த கோட்டைப் போட்டு மகியாவையில் அடக்கம் செய்தோம்.

பழி ஹுஸைன் நானாவின் மேல் விழுந்தது. செத்த துரையின் கத்தியை விற்றான், தோஷம் பிடித்த சாமானை விற்றான் என்று பேசினார்கள். டொரதியின் அப்பா மார்க்கெட்டில் எல்லோருக்கும் கேட்க அவரை ஏசினார். அவருடைய கொட்டகைக்கு ஆட்கள் போவது நின்றது. ஒருநாள் அவர் இந்த வாசலுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லியும் வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நான் பாத்துத்தான் தந்தேன். வில்லு நல்லா ஈந்திச்சி. நீங்களும் காதால கேட்டீங்கதானே அந்தச் சத்தத்த?"

"எனக்கு ஞாபகமில்ல நானா," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அல்லாஹ்வுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கொட்டகையை மூடிக்கொண்டு அலவத்துகொடவுக்கே திரும்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருக்கு நான் செய்தது அநியாயம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

அந்த மூலையைத் தேய்த்த பிறகு கத்தி ஓர் இரவு என்னிடம் இருந்தது. மறுநாள் காலை, அவன் எழும்புவதற்கு முன், முற்றத்து ரோசாச் சாடியின் மண்ணை அந்தக் கத்தியால் கிளறினேன். இந்தச் சந்தின் முனையில் அப்போது ஒரு குதிரை லாயம் இருந்தது. எல்லோரும் சாடிகளுக்கு அங்கேதான் உரம் எடுப்போம். கிளறிவிட்டு அலகைத் துணியால் துடைத்தேன். பளபளவென்று இருந்தது. பள்ளத்தைத் துடைக்கவில்லை. அப்படியே மடக்கி அவன் கால்சட்டைப் பையில் வைத்தேன். அந்தக் கத்தியால் நான் அதற்கு முன் ஒருநாளும் மண்ணைத் தொட்டதில்லை.

மடுல்கெல்லயில் துரையின் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் மூக்கையா. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது லாயத்தில் ஓர் ஆணி அவர் காலில் ஏறிவிட்டது. அவர் மனைவி ராக்கம்மா காப்பித்தூள் வைத்து இறுக்கிக் கட்டினாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவர் வாய் பூட்டிக்கொண்டது. அப்பாவோடு நானும் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து அறைக்குப் போனேன். வாசலில் நின்று பார்த்தேன். அந்தச் சிரிப்பையும் பார்த்தேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ராக்கம்மாவை ஏசினார். "குதிரைச் சாணி பட்ட காயத்தக் கழுவாம மூடிக் கட்டினா எமனக் கூப்பிட்ட மாதிரி," என்றார். அந்த வார்த்தையை நான் மறக்கவே இல்லை. பற்றிக்கின் விரலில் காப்பித்தூளை வைத்தபோது அது என் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஒரு விரல் வெட்டு மட்டும்தான் நினைத்தேன் என்று முன்பு சொன்னேன். அரத்தோடு இருந்த நேரம் வரை அது உண்மை. சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு வேறு யோசனை. கை ஆறும். ஆறினால் போவான். இந்த மாதம் இல்லையென்றால் அடுத்த மாதம் போவான். மகியாவையில் இருக்கிறவர்களை யாரும் எங்கும் கூட்டிக்கொண்டு போவதில்லை. இப்படி நினைத்தேன். மனது அமைதியாக இருந்தது. ரோசாவுக்குத் தண்ணீர்கூட ஊற்றினேன். என் தம்பியை நான்தான் கொன்றேன், சுவாமி.

அடுத்த வருடம் டொரதியின் அப்பா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். அவள் போகவில்லை. "அக்காவை ஆர் பாக்கிறது," என்று சொல்லிப் பெட்டியோடு இங்கே வந்துவிட்டாள். நான் அழைக்கவில்லை. பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குப் பொத்தான் துளை தைத்துத் தருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே மகியாவைக்குப் போவோம். வரும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். இந்த வருடங்களும் நல்லபடியாகத்தான் போயின. அவள் அழுகிற நாட்களில் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன். அவளுக்கு என்னைவிட்டால் அவனைப் பற்றிப் பேச ஆளில்லை, எனக்கும் அவளை விட்டால் ஆளில்லை.

வருத்தப்படுகிறாயா என்று கேட்கத்தானே வாயெடுக்கிறீர்கள். வருத்தப்படாத நாள் எது. அவனுடைய பழைய சட்டையைக் கொடியில் காணும்போதெல்லாம் எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுகிறேன். என்னைப் போல யாரும் அவனுக்காக அழுதிருக்க மாட்டார்கள், டொரதிகூட.

இப்போது அவளுக்கு ஒரு வாழ்வு வந்திருக்கிறது. மாப்பிள்ளை மாத்தளையில் வேலை, நல்ல குணம் என்று சொல்கிறீர்கள். அவளிடம் போய்ச் சொல்லுங்கள், அக்காவுக்குப் பூரண சம்மதம் என்று. இதையும் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கலியாணச் சேலைக்குச் சட்டையை நான்தான் தைத்துக் கொடுப்பேன். அவள் தாராளமாகப் போகட்டும், சுவாமி. என்னோடுதான் இருக்க வேண்டும் என்று நான் யாரையும் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.